பழைய டெஸ்க்டாப்பில் ப்ராசஸர் மாற்றுவது எப்படி: எச்61 போர்டு வைத்திருப்பவர்களுக்கு

தங்கை வீட்டில் 2013இல் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. எச்61 மதர்போர்டு (எல்லா பாகங்களையும் இணைக்கும் பலகை; சுருக்கமாக போர்டு), ஐ3-2120 ப்ராசஸர் (கம்ப்யூட்டரின் மூளையான சிப்; சிபியு என்பதும் இதுதான்), 4 ஜிபி ராம். மாப்பிள்ளை அதில்தான் நாலைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறார். சாயங்காலம் ஆனால் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு. "அண்ணா, இது ரொம்பத் திணறுது. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாமா?" என்று தங்கை கேட்டாள். புதுசு வாங்கவில்லை. ராம் சேர்த்தோம், ஹார்டு டிஸ்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டோம், கடைசியாக ப்ராசஸரை மாற்றினோம். இப்போதும் அதே பெட்டிதான் அந்த வீட்டில் ஓடுகிறது.

அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதை, இதுவரை கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தே பார்க்காத ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல எழுதுகிறேன். எல்ஜிஏ 1155 சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) கொண்ட எச்61 போர்டையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 2011 முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குக் குறைந்த விலையில் பூட்டிய கம்ப்யூட்டர்களில் இந்த போர்டு நிறைய வந்தது. உங்களுடையது வேறு போர்டாக இருந்தாலும் வேலையின் வரிசை இதேதான்.

ப்ராசஸர்தான் காரணமா?

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்பதற்காக உடனே ப்ராசஸர் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று பத்திகள் தெரியும். ஒரு பத்து நிமிடம் கவனியுங்கள்.

டிஸ்க் நூறு சதவீதத்திலேயே நின்றால் பழைய ஹார்டு டிஸ்க்தான் பிரச்சினை; எஸ்எஸ்டி போடுங்கள். எச்61 சிப்செட்டில் (போர்டின் இணைப்புகளைக் கவனிக்கும் சிப்) சாட்டா, அதாவது டிஸ்க் இணைப்பின் வேகம், நொடிக்கு 3 ஜிகாபிட்தான், புது எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காது. ஆனாலும் ஹார்டு டிஸ்கோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மெமரி தொண்ணூறைத் தாண்டி நின்றால் ராம் சேர்க்க வேண்டும். எச்61 போர்டில் ராமுக்கு இரண்டு இடம், மொத்தம் 16 ஜிபி வரை ஏற்கும். இவை இரண்டும் சும்மா இருக்கும்போது சிபியு மட்டும் தொண்ணூறு, நூறு என்று ஏறி நின்றால்தான் ப்ராசஸருக்குச் செலவு செய்வதில் பொருள் உண்டு. தங்கை வீட்டில் எஸ்எஸ்டி போட்டதிலேயே பாதித் திணறல் போய்விட்டது. வீடியோ வகுப்பும் கணக்கு மென்பொருளும் ஒன்றாக ஓடும்போது மட்டும்தான் சிபியு நூறைத் தொட்டது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 கேட்பதோ, இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸர். இந்த சாக்கெட்டில் எதை மாட்டினாலும் அந்தத் தகுதி வராது. விண்டோஸ் 11தான் உங்கள் தேவை என்றால் இந்தச் செலவு வேண்டாம், சேர்த்து வைத்து வேறு கம்ப்யூட்டரே வாங்குங்கள். விண்டோஸை விட்டு லினக்ஸ் மின்ட் போன்ற வேறு இயங்குதளத்துக்கு மாறத் தயார் என்றால் இந்தப் பெட்டி இன்னும் பல வருடம் உழைக்கும்.

உங்கள் போர்டு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

விண்டோஸ் தேடல் பெட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால், பேஸ்போர்டு என்ற வரிகளில் போர்டின் கம்பெனியும் மாடலும் இருக்கும். பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்புகிற, போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) பதிப்பும் தேதியும் அதே பக்கத்தில் உண்டு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளும் இதையே இன்னும் தெளிவாகக் காட்டும். கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லை என்றால் பெட்டியைத் திறந்து பாருங்கள். ராம் மாட்டும் இடத்தின் அருகிலோ போர்டின் நடுவிலோ மாடல் பெயர் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும்.

அடுத்து, அந்த போர்டு கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலின் பக்கத்துக்குப் போய், சிபியு சப்போர்ட் லிஸ்ட் என்ற பட்டியலைத் திறங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பட்டியலை வையுங்கள். போர்டு ஏற்கும் ஒவ்வொரு ப்ராசஸரின் பெயரும், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து அதை ஏற்கும் என்பதும் அதில் இருக்கும். சாக்கெட் பொருந்தினால் போதும் என்று கடைக்காரர் சொன்னாலும், நண்பர் சொன்னாலும், பட்டியலில் இல்லாததை வாங்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சாக்கெட்டின் எண்ணை மட்டும் நம்ப முடியாது. 1155, 1150, 1151 என்று எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றில் போடுவது இன்னொன்றில் உட்காராது. எண் ஒன்றாகவே இருந்தாலும் ஆபத்து உண்டு. 2015இல் வந்த ஆறாம் தலைமுறைக்கும் 2017இல் வந்த எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட் 1151தான், ஆனால் பழைய போர்டில் எட்டாம் தலைமுறை வேலை செய்யாது. நம் 1155இலும் இப்படி ஒரு கண்ணி இருக்கிறது. இதில் இரண்டாம் தலைமுறை சாண்டி பிரிட்ஜ், மூன்றாம் தலைமுறை ஐவி பிரிட்ஜ் இரண்டும் உண்டு. எச்61 போர்டு 2011இல் வந்தது, ஐவி பிரிட்ஜ் 2012 ஏப்ரலில் வந்தது. தனக்குப் பின்னால் பிறந்த ப்ராசஸரை அடையாளம் காண, போர்டுக்குப் புது பயாஸ் வேண்டும். அலுவலகங்களிலிருந்து கழித்துக்கட்டி விற்பனைக்கு வரும் சில பிராண்டட் கம்ப்யூட்டர்களில் கியூ65, கியூ67, பி65 சிப்செட்கள் இருக்கும். இவற்றுக்கு ஐவி பிரிட்ஜ் ஆதரவை இன்டெல் தரவே இல்லை. அந்தப் பெட்டி உங்களிடம் இருந்தால் ஐ5-2400, ஐ7-2600 போன்ற இரண்டாம் தலைமுறையோடு நின்றுகொள்ளுங்கள்.

எதை வாங்கலாம்

என் கணிப்பில், பெரும்பாலானவர்களுக்கு ஐ5-3470 போதும். நான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), 3.2 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது 3.6 வரை ஏறும், 77 வாட். ஐ3-2120இல் கோர் இரண்டுதான். பிரவுசர், கணக்கு மென்பொருள், வீடியோ வகுப்பு எல்லாம் ஒன்றாக ஓடும் வீட்டில் இரண்டு கோர் நான்கானது நன்றாகவே தெரிகிறது. வீடியோ எடிட்டிங் செய்கிறீர்கள் என்றால் ஐ7-3770 பாருங்கள். அதற்கும் நான்கு கோர், 77 வாட்தான். ஆனால் எட்டு திரெட் (ஒரே நேரத்தில் எட்டு வேலைகளைக் கையாளும்), வேகம் 3.9 வரை போகும்.

எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தைக் கவனிக்காமல் பணம் இழந்தவர்கள் உண்டு. ஐ5-3470 வேறு, ஐ5-3470டி (3470T) வேறு. இந்த 3470டி 35 வாட், அதில் கோர் இரண்டே இரண்டு. ஐ5-3350பி போல பி என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் அதை மாட்டினால் திரையில் ஒன்றும் வராது. கே என்ற எழுத்துக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். வேகத்தைக் கையால் ஏற்றும் வசதிக்கான எழுத்து அது, எச்61 போர்டில் அதைப் பயன்படுத்த முடியாது என்பதால் அந்தப் பணம் வீண்.

இந்தத் தலைமுறை ப்ராசஸர்கள் இப்போது புழக்கத்தில் இருப்பதெல்லாம் செகண்ட் ஹேண்ட்தான். சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ரிச்சி தெரு இருக்கிறது. ஒரே கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காதீர்கள். நாலு கடை ஏறி இறங்கினால் விலை உங்களுக்கே புரிந்துவிடும். சிப்பின் உலோக மூடியில் மாடல் எண்ணும், எஸ்ஆர் என்று தொடங்கும் ஒரு குறியீடும் இருக்கும். ஐ5-3470க்கு அது எஸ்ஆர்0டி8 (SR0T8). இரண்டும் பொருந்த வேண்டும். இன்டெல் கான்ஃபிடென்ஷியல் என்று எழுதியிருந்தால் அது சோதனைக்காகத் தயாரித்த சிப், வேண்டாம். அப்புறம் சிப்பைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். தங்க நிறப் புள்ளிகள் சுத்தமாக இருக்க வேண்டும். நடுவில் கடுகைவிடச் சின்னதாகச் சில பாகங்கள் ஒட்டியிருக்கும், அவற்றில் ஒன்று பெயர்ந்திருந்தாலும் வாங்கக் கூடாது. கடையிலேயே ஒரு போர்டில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வாரம் மாற்றித் தரும் உறுதியைப் பில்லில் எழுதி வாங்குங்கள். ப்ராசஸரின் சூட்டை அதன் மேல் உட்காரும் கூலருக்கு (ஃபேன் வைத்த குளிர்விப்பான்) கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் ஒரு சின்ன ட்யூபும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸ்

முதல் தடவை நான் சறுக்கிய இடம் இது. சப்போர்ட் லிஸ்டில் ஐ5-3470 இருப்பதைப் பார்த்தேன், பக்கத்தில் இருந்த பயாஸ் பதிப்பைப் பார்க்கவில்லை. சிப்பை மாட்டி ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. ராமைக் கழற்றிப் போட்டேன், பேட்டரியைக் கழற்றிப் போட்டேன், சிப் செத்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். ராத்திரி பதினொரு மணிக்குப் பழைய ஐ3யைத் திரும்ப மாட்டியதும் கம்ப்யூட்டர் சாதாரணமாக எழுந்தது. பயாஸை அப்டேட் செய்து மறுபடி ஐ5 போட்டதும் அதே சிப் முதல் தடவையிலேயே எழுந்தது. அந்த ராத்திரி மட்டும் கூலரை மூன்று முறை கழற்றி மாட்டினேன். ஆகவே இந்த வேலையை முதலில் முடியுங்கள்.

அப்டேட்டுக்கு முன்னால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக சாட்டா மோட் ஐடிஇ என்று இருக்கிறதா, ஏஎச்சிஐ என்று இருக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்டேட் ஆனதும் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். சாட்டா மோட் மாறிப்போனால் விண்டோஸ் நீலத் திரை காட்டி நிற்கும். விண்டோஸ் போய்விட்டது என்று பதறி ஃபார்மட் செய்தவர்களை எனக்குத் தெரியும். அந்த ஒரு அமைப்பைப் பழையபடி மாற்றினாலே சரியாகியிருக்கும்.

உங்கள் மாடலுக்கான பயாஸ் கோப்பை போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். மாடலின் கடைசி எழுத்தும், போர்டில் அச்சிட்ட ரிவிஷன் எண்ணும்கூடப் பொருந்த வேண்டும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் கோப்பைப் போட்டு, பயாஸுக்குள்ளேயே இருக்கும் அப்டேட் வசதி மூலம் ஏற்றுங்கள். கிகாபைட்டில் அதன் பெயர் கியூ-ஃபிளாஷ், ஆசஸில் ஈஇசட் ஃபிளாஷ். தளத்தில் அந்தப் பதிப்புக்குக் கீழே தனிக் குறிப்பு ஏதாவது இருந்தால் அதை முழுக்கப் படித்துவிட்டு, சொன்ன வரிசையிலேயே செய்யுங்கள். ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டு எழாமலே போகலாம். யுபிஎஸ் கட்டாயம். உங்களிடம் இல்லை என்றால் தெரிந்தவரிடம் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள். மழை, காற்று அடிக்கும் நாளில் தொடவே தொடாதீர்கள்.

முடிந்ததும் பழைய ப்ராசஸரோடு ஒரு முறை விண்டோஸ் வரை போய்ப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் அடுத்த வேலை.

பெட்டியைத் திறந்து மாற்றுதல்

ஒரு பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு அணையுங்கள். சூட்டில் பழைய பேஸ்ட் இளகும், கூலர் எளிதாகப் பிரியும். சுவிட்சை அணைத்து ஒயரையும் உருவியபின், பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பெட்டியைப் படுக்க வைத்து, பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியைக் கையால் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். இணைப்புகளை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூலர் ஃபேனின் ஒயரைக் கழற்றுங்கள். இன்டெல்லோடு வந்த கூலருக்கு நான்கு மூலையிலும் கறுப்புத் தலைகொண்ட பிளாஸ்டிக் பின்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அம்புக்குறி இருக்கும். அது காட்டும் திசையில் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் விடுபடும். நான்கும் விடுபட்டபின் கூலரை நேராகப் பிடுங்காமல், இடமும் வலமும் லேசாகத் திருகியபடி எடுங்கள். பழைய ஏஎம்டி சாக்கெட்களில் இது இன்னும் முக்கியம். அங்கே பின்கள் ப்ராசஸரில் இருக்கும், பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தால் கூலரோடு ப்ராசஸரும் பிய்த்துக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடும்.

சாக்கெட்டின் பக்கத்தில் ஒரு கம்பி நெம்புகோல் இருக்கும். அதைக் கீழே அழுத்தி வெளிப்பக்கம் நகர்த்தி மேலே தூக்கினால் உலோகச் சட்டம் திறக்கும். பழைய சிப்பை இரு ஓரத்தையும் பிடித்து நேர் மேலாக எடுங்கள். இப்போது தெரிகிற சாக்கெட்தான் இந்த வேலையிலேயே மென்மையான இடம். 1155 பின்கள், முடியைப் போல மெல்லியவை, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். வயலில் நாற்று வரிசைபோல ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் வேறு மாதிரி மின்னினால் அது வளைந்திருக்கிறது. அங்கே விரலோ துணியோ படக் கூடாது, வாயால் ஊதவும் கூடாது.

புது சிப்பின் இரண்டு பக்கமும் சின்ன வெட்டு இருக்கும், சாக்கெட்டில் அதற்கேற்ற இரு மேடுகள் இருக்கும். ஒரு மூலையில் தங்க நிற முக்கோணமும் இருக்கும், பழைய சிப்பில் அது எந்த மூலையில் இருந்ததோ அங்கேயே வர வேண்டும். சிப்பை நேராக இறக்கி வையுங்கள். அழுத்த வேண்டியதே இல்லை, தன் எடையிலேயே உட்கார்ந்துவிடும். சட்டத்தை மூடி நெம்புகோலை இறக்கும்போது நல்ல பலம் தேவைப்படும். கறகறவென்று ஒரு சத்தமும் வரும். முதல் தடவை செய்பவர்கள் அந்தச் சத்தத்தில் கையை எடுத்துவிடுவார்கள். சிப் சமமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் பயப்படாமல் இறக்குங்கள், அது அப்படித்தான் இருக்கும்.

கூலரின் அடியில் காய்ந்திருக்கும் பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் சேர்ந்திருக்கும். பழைய பருத்தி பனியன் துணி நல்லது, டிஷ்யூ காகிதம் நார் விடும். கூலரையும் ஒரு கண் பாருங்கள். ஐ3யோடு வந்தது முழுக்க அலுமினியம், உயரமும் குறைவு. அதை ஐ7-3770 மேல் வைத்தால் நம் ஊர் சித்திரை வெயிலில் ஃபேன் இரைந்துகொண்டே இருக்கும். நடுவில் செம்பு வைத்த உயரமான கூலரும் பழையதாகவே கிடைக்கும், ப்ராசஸர் வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். இருக்கிற கூலரையே போடுவதாக இருந்தால் இடுக்குகளில் அடைத்த தூசியை பிரஷால் தட்டி எடுங்கள்.

புது பேஸ்ட் சிப்பின் நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு போதும். விரலால் பரப்ப வேண்டாம், கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். மாட்டுவதற்கு முன் நான்கு பின் தலைகளையும் அம்புக்கு எதிர்த்திசையில் பழைய நிலைக்குத் திருப்பி வையுங்கள். இதை மறப்பவர்கள்தான் பின் உட்காரவில்லை என்று திண்டாடுவது. கூலரை வைத்து, எதிரெதிர் மூலைகளாக ஒவ்வொரு பின்னையும் டக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். அழுத்தும்போது போர்டு கொஞ்சம் வளையும், அது சகஜம். கடைசியில் கூலரை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு மூலை எழும்பினாலும் அந்தப் பின் சரியாக இறங்கவில்லை. ஃபேன் ஒயரைச் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில் மறக்காமல் செருகுங்கள்.

ஆன் செய்ததும்

மூடியைப் போடாமலே ஆன் செய்யுங்கள். முதல் தடவை ஒன்றிரண்டு முறை அணைந்து எரியலாம். புது சிபியு வந்திருக்கிறது என்று ஒரு செய்தி காட்டி நிற்கவும் கூடும். பயாஸுக்குள் போய்ப் பெயர் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். சாட்டா மோட், தேதி, நேரம் சரிசெய்து சேமியுங்கள். விண்டோஸ் வந்ததும் புது ப்ராசஸரை அதுவே கண்டுகொள்ளும், மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை.

திரை வராமல் ஃபேன் மட்டும் சுற்றினால், சிப்பைக் குறை சொல்வதற்கு முன், ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் 4 பின் 12 வோல்ட் இணைப்பு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பீப் சத்தம் விட்டு விட்டு வந்தால் ராம் நகர்ந்திருக்கும், கழற்றி மாட்டுங்கள். ஒயரை உருவிவிட்டு, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்து மாட்டுவதும் உதவும். ஒரு நிமிடம் ஓடி அணைந்துவிட்டால் கூலர் உட்காரவில்லை என்று அர்த்தம்.

எல்லாம் சரி என்றால் ஒரு சோதனை. கோப்புகளைச் சுருக்கும் செவன்-ஜிப் மென்பொருளிலேயே இருக்கும் பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையை இருபது நிமிடம் ஓடவிட்டு வெப்பத்தைக் கவனியுங்கள். எழுபது டிகிரி செல்சியஸையொட்டி நின்றால் நிம்மதி. எண்பத்தைந்தைத் தாண்டினால் அணைத்துவிட்டு, கூலரைக் கழற்றி, பழைய பேஸ்டைத் துடைத்து, புதிதாக வைத்து மாட்டுங்கள். கழற்றிய கூலரை அதே பேஸ்டோடு திரும்ப வைக்கக் கூடாது.

கழற்றிய பழைய ப்ராசஸரை விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. புது சிப் வந்த பிளாஸ்டிக் பெட்டியிலேயே அதை வைத்து, மாடலை எழுதி ஒட்டி, பெட்டியின் பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். சில போர்டுகளில் பயாஸ் சிப் இரண்டு இருக்கும். முதல் சிப் கெட்டுப்போனால் இரண்டாவதிலிருந்து பழைய பதிப்பு தானாக ஏறிவிடும். அந்தப் பதிப்புக்கு உங்கள் ஐ5 யாரென்றே தெரியாது, திரை கறுப்பாக நிற்கும். அன்றைக்குப் பழைய ஐ3யை மாட்டித்தான் பயாஸை மறுபடி ஏற்ற முடியும். தங்கை வீட்டில் அது பீரோவுக்குள், வீட்டுப் பத்திரம் இருக்கும் அதே உறையில் இருக்கிறது.